வலது பக்கம் திரும்பாத கழுத்துடன் ஒரு ஸ்ரீரங்கப் பயணம்

திருச்சிக்கு நாங்கள் போனது சாமி கும்பிட இல்லை, என் கழுத்தைக் காட்டுவதற்கு. தங்குவதற்கு ஸ்ரீரங்கம் வசதியாக இருந்ததால் பெருமாளும் பயணத்தில் சேர்ந்துகொண்டார். போன ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை திண்டுக்கல்லில் கிளம்பி, அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் வீடு திரும்பினோம். வந்த சூட்டோடு எழுதியிருந்தால் வெறும் பரவசமாக எழுதித் தள்ளியிருப்பேன். மூன்று வாரம் பொறுத்து, கழுத்து ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வலைப்பதிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினோரு வருடமாகச் சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கற்றுக்கொள்ளும் பெண் வலது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாள். நான் இடது பக்க சீட்டில், என் காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்சும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரோட்டையும் பார்க்க வேண்டும், அவள் கண் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். அதனால் ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் என் தலை வலது பக்கம் திரும்பித்தான் இருக்கும்.

மார்கழியில் ஒரு நாள் காலை எழுந்தபோது தலை வலது பக்கம் வர மறுத்தது. குளிர் என்றேன், தலையணை என்றேன். மாசி பிறந்தபோது வலது தோளைப் பார்க்க மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. கூடவே பின்மண்டையில் இழுக்கும் ஒரு தலைவலி. தைலம், ஒத்தடம், கழுத்துப் பட்டை, மாத்திரை எல்லாம் ஆயிற்று. எங்கள் ஊர் மருத்துவர் ஒருவர், வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று வெகு சுலபமாகச் சொல்லிவிட்டார். ஐம்பது வயதில் எந்த வேலைக்கு மாறுவது? சேர்ந்திருந்த பெண்களைத் தெரிந்த வேறொரு பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வண்டிகளுக்கு உறை போட்டு மூடினேன். ஆயுத பூஜைக்குள் கழுத்து திரும்பாவிட்டால் பள்ளியையே மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பொட்டு வைத்து மாலை போட்ட வண்டியில் ஏறி உட்கார முடியாத ஒரு பூஜையை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

என்னிடம் கற்றுக்கொண்ட லால்குடிப் பெண் ஒருத்திதான் திருச்சி மன்னார்புரத்தில் இருக்கும் டாக்டரைப் பற்றிச் சொன்னாள். நெல் மூட்டை தூக்கிக் கழுத்து பிடித்துக்கொண்ட அவளுடைய அண்ணன் அங்கேதான் போனாராம். கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பையும் கழுத்தையும் கையாலேயே அழுத்திச் சரிசெய்யும் வைத்தியம் என்றாள். போனில் அந்தப் பெயரைத் தேடியது என் கணவர் செய்த தப்பு. தலையைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்புவதும், ‘மளுக்’ என்று சத்தம் கேட்பதும், படுத்திருப்பவர் கத்துவதுமாக வீடியோக்கள் வரிசை கட்டி வந்தன. கழுத்தை அப்படித் திருப்பினால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் சேதமாகக்கூடும் என்று வேறு எங்கோ படித்துவிட்டார். “வேண்டாம் கலா, ஸ்கூலை மூடிக்கலாம். கழுத்து இப்படியே இருந்துட்டுப் போகட்டும்” என்றார். நான்தான் பிடிவாதமாகக் கிளம்பினேன்.

அவர் பெயர் ராஜேந்திரன். நூல் மில்லில் கணக்கர். நாற்பத்தைந்து வயதில் என்னிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். என் மாணவர்களிலேயே பொறுமையானவர், மெதுவானவரும்கூட. மற்றவர் ஓட்டும்போது நான் எப்படிப்பட்ட பயணி என்று கேட்காதீர்கள். எங்கள் சொந்தக் காரில் இடது பக்கம் பிரேக் கிடையாது. ஆனாலும் என் வலது கால் வழி நெடுக மிதியடியை மிதித்துக்கொண்டே வரும்.

காலை ஆறு பத்துக்குக் கிளம்பினோம். வீட்டிலிருந்து மன்னார்புரம் எங்கள் மீட்டரில் 103 கிலோமீட்டர். நாலு வழிச் சாலைதான், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் போகலாம். நாங்கள் போனது மூன்று மணி நேரத்துக்கும் மேல். அவர் வலது பக்கம் இருந்ததால் முகம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் விரியும் ரோடும், ஓரக்கண்ணில் கியரின் மேல் அவருடைய இடது கையும்தான். நாலாவதில் போக வேண்டிய இடத்தில் மூன்றாவதில் போனார். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனால் திட்டினார்கள். அதைவிட எனக்கு எரிச்சல், ஊருக்குள் நுழையும் இடங்களில் ஸ்பீடு பிரேக்கர் வந்தால் போதும், கியரில் இருக்கும் கை காணாமல் போய்விடும். பின்பக்கம், என் சீட்டின் மேல் போட்டுக்கொள்கிறார் என்று தெரிந்தது. கல்லூரிப் பையன்கள் ஸ்டைலுக்குச் செய்கிற வேலை அது.

“ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வைங்க. இதையா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்?” என்றேன்.

“சரி” என்றார். அடுத்த ஸ்பீடு பிரேக்கரிலும் கை காணாமல் போனது. எட்டு மாதமாகவே இப்படித்தான். கழுத்து திரும்பினால் நேருக்கு நேராகவே சண்டை போட்டிருப்பேன்.

மணப்பாறையில் ஏழே முக்காலுக்கு நிறுத்தினோம். புதன்கிழமை மாட்டுச் சந்தை. டெம்போக்களில் காளைகள் நின்றுகொண்டே வந்திறங்கின. ஒவ்வொன்றும் எவ்வளவு சுளுவாகக் கழுத்தைத் திருப்பி முதுகில் உட்கார்ந்த ஈயை விரட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மாட்டின் கழுத்தைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைக்கு வந்துவிட்டேனே என்று சிரிப்பும் வந்தது. இட்லி சாப்பிட்டுவிட்டு, அரைக் கிலோ முறுக்கு வாங்கிக்கொண்டோம். போகும்போதே வாங்காதீர்கள், திரும்பும்போது வாங்குங்கள். திருச்சியில் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது.

மன்னார்புரத்தில் டாக்டரின் இடம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடி. டாக்டர் பர்வீனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெளிநாட்டில் படித்துவிட்டுச் சொந்த ஊரிலேயே தொழில் செய்கிறார். முதல் தடவைக்கு அறுநூறு ரூபாய். ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்னைத் தொடாமலேயே பேசினார். எப்போது ஆரம்பித்தது, தலைசுற்றல் உண்டா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, எங்காவது விழுந்தேனா, பிரஷர் உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு சுவரில் இருந்த கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொன்னார். மூடிய கண்ணோடு தலையை முடிந்த அளவு இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு, நேராகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நிறுத்தினேன். கண்ணைத் திறந்தால் எதிரே என் முகம் இல்லை. கண்ணாடிக்கு இடது பக்கம் மாட்டியிருந்த காலண்டர் இருந்தது.

“இதுதான் இப்ப உங்களுக்கு நேரு” என்றார் டாக்டர்.

போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினார். தலை இடது பக்கம் சாய்ந்து, கொஞ்சம் திரும்பியும் இருந்தது. இடது தோள் மேலே, வலது தோள் கீழே. கீழே இடுப்பு அதைச் சரிக்கட்ட வேறொரு பக்கம் ஒதுங்கி நின்றது. ஸ்டியரிங்கை விட்டால் இடது பக்கமே இழுக்கும் வண்டியை நான் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்து அலைன்மென்டுக்கு அனுப்புவேன். என் உடம்பு எட்டு மாதமாக இழுத்துக்கொண்டு ஓடியது எனக்குத் தெரியவில்லை.

ஏன் நாள் முழுக்கத் தலையைத் திருப்ப வேண்டும், உங்கள் தொழிலில் சொல்லிக்கொடுப்பவருக்குத் தனிக் கண்ணாடி உண்டே என்று டாக்டர் கேட்டார். உண்டு. நான்தான் அதைக் கழற்றிவிட்டேன். புதிதாகக் கற்றுக்கொள்ளும் பெண்கள் ரோட்டைப் பார்க்காமல் அந்தக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அக்கா கோபமாக இருக்கிறாளா என்று. ஒருத்தி என் புருவத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு இளநீர் வண்டியை நெருங்கிவிட்டாள். அன்று மாலையே கண்ணாடியைக் கழற்றி டிக்கியில் போட்டேன். அவர்கள் கண் ரோட்டுக்குத் திரும்பியது, என் கழுத்து அவர்கள் பக்கம் திரும்பியது. இதைச் சொன்னபோது டாக்டர் சிரித்தார், என் கணவரும் சிரித்தார், நான் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கடைசிக் கேள்வியாக, கை மரத்துப்போகிறதா என்று கேட்டார். வலது கையில் மூன்று விரல்கள் விடியற்காலையில் மரத்துப்போகும் என்றேன். டாக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“அக்கா, இன்னைக்கு உங்க கழுத்துல நான் கை வைக்க மாட்டேன். மொதல்ல நரம்பு டாக்டரைப் பாருங்க, ஸ்கேன் எடுங்க. நரம்பை எலும்போ ஜவ்வோ அழுத்திக்கிட்டு இருந்தா இது என் வேலை இல்ல. அப்ப வண்டி ஓட்டுறதைப் பத்தியும் வேற மாதிரிதான் பேசணும்” என்றார்.

கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கினேன். கழுத்தை ‘மளுக்’ என்று ஒடித்துவிடுவாரோ என்று பயந்து வந்தவள், தொடக்கூட மாட்டேன் என்றதும் அதைவிடப் பயந்துவிட்டேன். என் கணவர் காரை எடுத்தார்.

மன்னார்புரத்திலிருந்து ஸ்ரீரங்கம் பத்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் நெரிசலில் முக்கால் மணி ஆகும். காவிரிப் பாலத்தில் ஏறியபோது ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மலைக்கோட்டை வலது பக்கம் பின்னால் இருக்கிறது, பார் என்றார் அவர். பார்க்க முடியாது என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. நாங்கள் தங்கியது சித்திரை வீதி ஒன்றில், வைதேகி என்பவர் தன் வீட்டு மாடியில் வாடகைக்கு விடும் அறையில். நாளுக்கு 1,400 ரூபாய், காலைக் காபி சேர்த்து. வைதேகிக்கு என் வயதுதான். ஸ்கூட்டரை அந்த வீதியில் அவர் ஓட்டும் வேகத்துக்கு நான் லைசென்ஸ் கொடுக்கவே விடமாட்டேன்.

வியாழக்கிழமை காலை நரம்பு மருத்துவரைப் பார்த்தோம். கையைத் தட்டி, ஊசியால் தொட்டுப் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. எழுதினார். 6,500 ரூபாய். அந்தக் குழாய்க்குள் தலையை அசைக்காமல் கிடக்கச் சொன்னார்கள். அந்த ஒன்றுதான் எனக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது. ரிப்போர்ட் மறுநாள்தான் கிடைக்கும். அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்குக் கோயிலுக்காவது போகலாம் என்று கிளம்பினோம்.

போகிறவர்களுக்கு இதைக் கவனமாகச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் தெற்கே பார்த்துச் சயனித்திருக்கிறார். நீங்கள் எதிரே நின்றால் உங்கள் இடது கைப் பக்கம் திருமுகம், வலது கைப் பக்கம் திருவடி. திருவடியை முதலில் பார்த்து, அங்கிருந்து மெல்லத் திருமுகத்துக்கு வர வேண்டும் என்பது வழக்கம். இதையெல்லாம் செய்ய உங்களுக்குக் கிடைப்பது சில மூச்சு நேரம்தான். அதாவது, இங்கே தரிசனம் என்பதே கழுத்தை ஒரு தடவை வலமிருந்து இடமாகத் திருப்புவது. நான் அதற்கு முன்பு எத்தனையோ முறை வந்திருக்கிறேன், இது உறைத்ததே இல்லை.

இலவச வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். உள்ளே இருட்டும் எண்ணெய் வாசனையும் துளசி வாசனையும். எங்கள் முறை வந்தது. அர்ச்சகர் தீபத்தைத் திருவடிப் பக்கம் காட்டினார். என் தலை வரவில்லை. உடம்போடு திரும்பப் பார்த்தேன், பின்னால் நின்ற அம்மாளின் காலை நன்றாக மிதித்துவிட்டேன். அவர் ‘அம்மா’ என்றார், நான் மன்னிப்புக் கேட்டேன், வரிசையை நகர்த்துகிறவர் “நகருங்கோ, நகருங்கோ” என்றார். அதற்குள் தீபம் முகத்துக்கு வந்துவிட்டது. திருமுகம் கண் நிறையத் தெரிந்தது. வெளியே தள்ளப்பட்டு வந்து பிராகாரத்தில் ஒரு தூணில் சாய்ந்தேன். நாளைக்கு ரிப்போர்ட்டில் என்ன வரப்போகிறதோ, அதற்கு முன் சேவிக்கவும் முடியவில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் கணவர் பிரசாதக் கடையிலிருந்து தொன்னையில் புளியோதரை வாங்கி வந்து கையில் கொடுத்தார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அறைக்குத் திரும்பியதும் வைதேகி, திருவடி சேவை நன்றாகக் கிடைத்ததா என்று கேட்டார். முகம் மட்டும்தான் பார்த்தேன் என்று காரணத்தைச் சொன்னேன். “அதுக்கென்ன, பாதியை பாக்கி வெச்சிருக்கார்னா இன்னொரு தடவை வாங்கோன்னு அர்த்தம். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி போயிட்டு வாங்கோ” என்றார். அவர் சொன்ன விதம், ஏதோ பக்கத்துக் கடையில் ஒரு சாமான் எடுக்க மறந்து வந்த மாதிரி இருந்தது. எனக்கு அது கொஞ்சம் தைரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ரிப்போர்ட். நரம்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடம் என் கணவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வயதுக்குள்ள தேய்மானம்தான், நரம்பை எதுவும் அழுத்தவில்லை, விரல் மரப்பு மணிக்கட்டிலிருந்து வருவது, தூங்கும்போது ஒரு பட்டை போட்டால் சரியாகும் என்றார். கைரோபிராக்டிக் பற்றி அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் முரட்டுத்தனமாகத் திருப்பாத ஆளாக இருந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொன்னார். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆளுக்கு இரண்டு கப் காபி குடித்தோம். அவ்வளவு சர்க்கரை போட்ட காபியை வேறொரு நாளில் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அன்று மாலையே பர்வீன் டாக்டரிடம் போனோம். ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் கழுத்தை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார். மண்டைக்கு நேர் கீழே இருக்கும் முதல் எலும்பு மோதிரம் மாதிரி இருக்கிறது. அதன் கீழே உள்ள எலும்பில் ஒரு முளை. அந்த முளையைச் சுற்றித்தான் மோதிரம் திரும்புகிறது. “‘இல்ல’ன்னு தலையாட்டுறோம் பாருங்க, அதுல பாதி வேலை இந்த ரெண்டு எலும்போடது” என்றார்.

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப எட்டு மாசமா இவளால ‘இல்ல’ன்னு சொல்ல முடியாம இருந்திருக்கு. தெரியாமப் போச்சே டாக்டர், ஒரு டிவி வாங்கியிருப்பேன்” என்றார். இரண்டு நாளுக்குப் பிறகு அவர் செய்த முதல் கேலி அது.

சிகிச்சையைப் பற்றிச் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். சத்தம் எதுவும் இல்லை. பக்கவாட்டில் படுக்க வைத்து, காதுக்குப் பின்னால் எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே கட்டைவிரலை வைத்து, சப்பாத்தி மாவு பதமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற அளவுதான் அழுத்தினார். மூன்று நான்கு தடவை. பிறகு கழுத்துக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து இருபது நிமிடம் படுத்திருக்கச் சொன்னார். இதற்கா 1,200 ரூபாய் என்று படுத்தபடி மனசுக்குள் கணக்குப் போட்டேன். எழுந்து கண்ணை மூடித் தலையைத் திருப்பி நேராக நிறுத்தினேன். திறந்தபோது காலண்டரில் பாதியும் கண்ணாடியில் பாதியுமாகத் தெரிந்தது. பின்மண்டையில் இழுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கையை விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

எலும்பு இடம் மாறி உட்கார்ந்துவிட்டதா என்று கேட்டேன். “அப்படின்னு அடிச்சுச் சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம் அக்கா. இறுக்கம் விட்டிருக்கு, அசைய ஆரம்பிச்சிருக்கு. மீதி உங்க கையிலதான். அந்தக் கண்ணாடியைத் திரும்ப மாட்டுங்க” என்றார்.

சனிக்கிழமை இரண்டாவது முறை, திங்கள்கிழமை காலை மூன்றாவது முறை. இடையில் ஞாயிறு ஓய்வு. தினமும் மூன்று வேளை செய்யச் சில பயிற்சிகள்: தாடையை உள்ளே இழுப்பது, சுவரில் முதுகை ஒட்டி நிற்பது, கண்ணால் முதலில் பார்த்து அப்புறம் தலையைத் திருப்புவது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மா மண்டபம் படித்துறை வரை நடந்து போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூக்குக் கண்ணாடியை அவர் என் வலது பக்கத்தில் ஒளித்து வைத்துக்கொண்டு, எங்கே சொல் என்று விளையாட்டுக் காட்டினார். படித்துறையில் சர்ப்ப சாந்திக்கு வந்த ஒரு குடும்பம் எங்களை விசித்திரமாகப் பார்த்தது.

திங்கள்கிழமை மூன்றாவது முறை முடிந்ததும் டாக்டர் மறுபடி படம் எடுத்து முதல் படத்தோடு சேர்த்துக் காட்டினார். தோள்கள் முழுக்கச் சமமாகவில்லை. ஆனால் தலை தோளின் நடுவில் இருந்தது. எனக்கே என்னைப் பார்த்தால் ஒரு அங்குலம் உயர்ந்த மாதிரி தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து வேலையை ஆரம்பிக்கலாம், முதலில் அரை நாள், கண்ணாடி இல்லாமல் வண்டியில் ஏறக் கூடாது என்றார். கேட்டதும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். பள்ளியை மூட வேண்டாம். அவ்வளவு நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போய்விட்டது.

அன்று சாயங்காலம் பாக்கிக்குப் போனோம். இந்த முறை வரிசையிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டேன். முதலில் கண், அப்புறம் தலை. உள்ளே போனதும் தீபம் திருவடிப் பக்கம் போனது, என் கண்ணும் போனது, தலையும் கூடவே போனது. முழுக்கவும் போனது என்று சொல்ல மாட்டேன். கடைசி ஒரு சாண் தோளும் கொஞ்சம் உதவி செய்தது. ஆனால் திருவடி தெரிந்தது. அங்கிருந்து தீபத்தோடு நானும் மெல்ல முகத்துக்கு வந்தேன். “நகருங்கோ” என்றார்கள், நகர்ந்தேன். இந்தத் தடவை யார் காலையும் மிதிக்கவில்லை. வெளியே வந்து அதே தூணில் சாய்ந்து, போன தடவை பாக்கி வைத்த அழுகையை அழுதேன். அவர் அதே கடையில் அதே புளியோதரை வாங்கி வந்தார்.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கழுத்து வலிக்குப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே கேள்வி கேட்காமல் தலையைப் பிடித்துத் திருப்புகிற யாரிடமும் உட்காராதீர்கள். கை மரப்பு, தலைசுற்றல், பார்வையில் கோளாறு எதுவாக இருந்தாலும் முதலில் மருத்துவர், ஸ்கேன். எனக்குப் பலித்தது உங்களுக்கும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. டாக்டரின் கட்டைவிரலா, ஓய்வா, பயிற்சியா, எது எவ்வளவு வேலை செய்தது என்று எனக்கே தெரியாது. போனில் அந்த வீடியோக்களைப் பார்க்காதீர்கள், குறிப்பாகக் கணவருக்குக் காட்டாதீர்கள். பஸ்ஸில் வருகிறவர்கள், வெளியூர் வண்டி இப்போது பஞ்சப்பூர் நிலையத்துக்குப் போகிறதா, பழைய மத்திய பேருந்து நிலையத்துக்கா என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் உங்களை நேரே ஸ்ரீரங்கத்தில் விடும். சித்திரை வீதிகளில் கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று அறை பிடிக்கும் முன்பே கேளுங்கள். கோயிலில் பகலில் நடை சாத்தும் நேரம் நாளுக்கு நாள் மாறும், விசாரித்துவிட்டுப் போங்கள். உள்ளே போனதும் முதலில் வலது பக்கம் பாருங்கள். நல்ல கழுத்து உள்ளவர்களே அதைத் தவறவிடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். வைதேகி கூஜாவில் காபி கொடுத்தனுப்பினார். பள்ளி வண்டிகளுக்காக இரண்டு கண்ணாடிகள் திருச்சியிலேயே வாங்கியிருந்தோம், அவை பின் சீட்டில், வழியில் வாங்கப்போகும் முறுக்குப் பைக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தன. பாலத்தில் மலைக்கோட்டையைப் பார்த்தேன். திரும்பும்போது அது இடது பக்கம் வரும் என்பதால் அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

மணப்பாறைக்குச் சற்று முன்னால், ஊருக்குள் போகிற ரோட்டில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்தது. வழக்கம்போல மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போட்டுவிட்டு, அவருடைய கை கியரிலிருந்து காணாமல் போனது. இப்போதுதான் கழுத்து இருக்கிறதே. நேருக்கு நேராகத் திட்டுவதற்காக வலது பக்கம் திரும்பினேன். முதலில் கண், அப்புறம் தலை.

கை சீட்டின் மேல் இல்லை. என் கழுத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில், என்மேல் படாமல், உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தார். வண்டி குலுங்கினால் தலை பின்னால் போகாமல் தாங்குவதற்கு. பல்லைக் கடித்துக்கொண்டு, அடி தனக்கே விழப்போகிற மாதிரி தோளைத் தூக்கி வைத்துக்கொண்டு, ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஏறி இறங்கியது. கை மறுபடி கியருக்குப் போனது. நான் பார்ப்பது அவருக்குத் தெரியவில்லை.

எட்டு மாதமாக எத்தனை தடவை திட்டியிருப்பேன்? ஒரு தடவைகூட இதற்காகத்தான் என்று வாயைத் திறந்ததில்லை, இந்த மனுஷன். ஒற்றைக் கையால் ஓட்டுகிற எந்த மாணவியையும் நான் அங்கேயே வண்டியை நிறுத்தி இறக்கிவிடுவேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் திரும்பிப் பார்த்தார். “என்ன, என்னையே பாத்துக்கிட்டு வர்ற?” என்றார்.

“ரோட்டைப் பாருங்க” என்றேன்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் அடுத்த ஸ்பீடு பிரேக்கர் வந்தது. கை கியரை விட்டுப் போனது. நான் வலி இல்லாத கழுத்தை மெல்லப் பின்னால் சாய்த்து அந்தக் கையின் மேல் வைத்துக்கொண்டேன்.